தொண்ணூறு வருஷக் குரல்

கையெழுத்துப் போட்ட ஆள் பல வருஷம் கழித்து எதிரே வந்து நின்றால், கையெழுத்து வாங்கியவன் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டான். கையைத்தான் பார்ப்பான், அதில் என்ன காகிதம் இருக்கிறதென்று. தனுஷ்கோடியும் அப்படித்தான் பார்த்தார். ஜெசிந்தாவின் கையில் இருந்தது அவருடைய கம்பெனியே அனுப்பிய நோட்டீஸ். அதன் ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"உக்காரு தாயி. ரயில்ல வந்தியா? காப்பி சொல்லட்டுமா?"

"காப்பி இருக்கட்டும் அண்ணாச்சி. இதைப் படிங்க."

படிக்கவே தேவையில்லை. வாரத்துக்கு நூறு நோட்டீஸ் அவர் பெயரில்தான் போகிறது. 'தாங்கள் சற்றுமுன் பாடியது எமது பாடல் எண் 2,214. ஒற்றுமை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அனுமதியின்றிப் பாடியதற்கு விளக்கம் தரவும்.'

"ஒப்பந்தம் போன மாசத்தோட முடிஞ்சு போச்சு. பத்தொம்பது வயசுல போட்டது, இருபது வருஷம் மாடு மாதிரி பாடிக் குடுத்தேன். முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுது. யாரு இல்லைன்னா?"

"நேத்து அடுப்பங்கரையில சீலா மீன் அறுத்துக்கிட்டு நின்னேன். மனசுல ஒரு மெட்டு வந்துச்சு, பாடுனேன். அது எங்கேயும் கேட்ட மெட்டு இல்ல, அப்பதான் பொறந்தது. அலமாரி மேல கெடந்த போன் கேட்டிருக்கு. கத்தியக் கழுவி வைக்கல, நோட்டீஸ் வந்து நிக்குது. நான் இன்னும் பாடி முடிக்காத பாட்டு உங்களுக்கு எப்படிச் சொந்தமாச்சு?"

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விருதுநகரில் மல்லி, வத்தல் மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவர். சங்கடமான கேள்விக்குக் கண்ணாடி துடைக்க வேண்டும் என்பது பால்குடி மாறாத வயதிலேயே அவருக்குத் தெரியும். கிண்டி தொழிற்பேட்டையில் கொக்கு மார்க் இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆரம்பித்த முதலாளி அன்னப்பறவை வரையச் சொன்னாராம். ஓவியன் வரைந்து முடித்தபோது அது ஒற்றைக்காலில் நிற்கும் கொக்காக இருந்தது. மறுபடி வரையக் கூலி கேட்டான் என்று கொக்கையே வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் கடல் தாண்டிய பெரிய கம்பெனி ஒன்று கொக்கு மார்க்கை விழுங்கியது. படத்தை மட்டும் மாற்றவில்லை. தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடையாது என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும்.

"அது குரல் வித்து, தாயி," என்றார். "நீ பாடினது, பேட்டி குடுத்தது எல்லாத்தையும் மெஷின்ல ஊத்தினோம். இனிமே இவ என்னென்ன பாடுவான்னு கேட்டோம். அது பாடிக் குடுத்துச்சு. எல்லாத்தையும் எண் போட்டுப் பதிஞ்சாச்சு. ஒப்பந்தத்துல அதுக்கு எடம் இருக்கு. பாடுறதுக்குத்தான் இருபது வருஷம், குரலுக்குத் தொண்ணூறு."

"இனிமே பாடப்போறதையா?"

"இனிமே பாடப்போறதைத்தான்."

அவள் சிரித்தாள். மீன் கடையில் எடை குறைந்ததைக் கண்டுபிடித்தவள் சிரிக்கிற மாதிரியான சிரிப்பு. "அப்ப இங்கேயே பாடுதேன். இந்த நிமிஷம் தோணுறதை. அந்த மெஷின் கண்டுபிடிக்கட்டும். பிடிக்கலைன்னா ஒரு பாட்டை எனக்கு விட்டுரணும். ஒண்ணே ஒண்ணு போதும், அண்ணாச்சி. என் வாயில வர்றதுல ஒண்ணாவது எனக்கு வேணும்."

பேரம் என்றால் தனுஷ்கோடிக்குக் கை தானாக நீளும். "சரி," என்றார்.

கீழ்த்தளத்தில் மெஷினுக்காகச் சுருதி சுத்தமாகக் குளிர வைத்த கிடங்கு. அங்கே பொறுப்பில் இருந்தவள் மெஹருன்னிசா. ராயப்பேட்டைக்காரி. நாற்பத்தைந்து வயது. எப்போதும் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். சூடான எதையும் நம்ப மாட்டாள். ஜெசிந்தாவை மைக்குக்கு முன்னால் நிற்க வைத்தாள்.

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வார்த்தையில்லாத மெட்டு. இரண்டு வரி ஏறி, மூன்றாவது வரியில் வேண்டுமென்றே சறுக்கி, தப்பான சுரத்தில் போய் விழுந்து, சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி நின்றாள். "இதை எழுதி வச்சிருக்குமா உங்க மெஷின்?"

மெஹர் விசையைத் தட்டினாள். மூன்று விநாடி. "3,051," என்றாள்.

ஒலிபெருக்கியில் அதே குரல் ஏறியது. இரண்டு வரி. மூன்றாவது வரியில் சறுக்கியது. அதே தப்பான சுரத்தில் விழுந்தது. சிரித்தது. இருமியது.

ஜெசிந்தாவின் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று, சங்கிலி இருக்கிறதா என்று பார்க்கிறவள் போல.

"இது எப்பப் பண்ணுனது?"

"ஏழு வருஷம் ஆச்சு மேடம்."

"ஏழு வருஷத்துக்கு முந்தியே நான் இன்னைக்கு இங்க வந்து இருமுவேன்னு தெரியுமா?"

"தேதியெல்லாம் அதுக்குத் தெரியாது மேடம். உங்க குரல் எங்க மூச்சு வாங்கும், வீம்புக்குப் பாடினா எங்க சறுக்கும், அதான் தெரியும்." மெஹர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க சறுக்குவீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ்ளோதான்."

ஜெசிந்தா தனுஷ்கோடி பக்கம் திரும்பினாள். "பாட்டு எழுதுனவன் ஒருத்தன். மெட்டுப் போட்டவன் ஒருத்தன். தொண்டையத் தேச்சவ நான். நடுவுல நீங்க என்ன செஞ்சிய?"

"நியாயமான கேள்விதான். மொதல்ல எங்ககிட்ட மெழுகு இருந்துச்சு. பாடுறவங்க கொழாய்க்குள்ள கத்துவாங்க, மெழுகுத் தட்டுல பதியும். மெழுகு எங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு, அதனால நாங்க பெரியவங்க. அப்புறம் தட்டு அடிக்கிற பிரஸ் எங்ககிட்ட இருந்துச்சு. அதுக்கப்புறம் கேசட்டு, கடைக்கடைக்கு அனுப்ப லாரி. அப்புறம் தட்டும் போச்சு, கேசட்டும் போச்சு, கடையும் போச்சு. பாட்டு காத்துல வந்துச்சு. அப்ப எங்ககிட்ட என்ன இருந்துச்சுங்கிறே? பழைய பேப்பர்தான். வேடிக்கையைப் பாரு, அப்பதான் நாங்க எல்லா நாளையும் விடப் பெரியவங்களா ஆனோம்."

"இப்ப?"

"இப்ப பேப்பருக்குப் பாடுறவங்களும் வேண்டாம்னு ஆயிருச்சு."

அவர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோரும் நிறுத்த மறந்த ஒலிபெருக்கி, இருமலுக்குப் பிந்திய நீண்ட வெற்று ஓட்டத்தைத் தாண்டி மறுபடி பேசிற்று.

"என் பேரு ஜெசிந்தா, தூத்துக்குடி."

ஜெசிந்தா பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள். "நான் இப்ப அதைச் சொல்லலையே!"

"பயப்படாதீங்க மேடம், அது வால்," என்றாள் மெஹர். "பப்ளிஷ் பண்ணும்போது கட் பண்ணிடுவோம். ஒரிஜினல்ல இருக்கும்."

கொக்கு மார்க்குக்கே உரிய வழக்கம் அது. அந்தக் காலத்தில் மெழுகுத் தட்டைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே அச்சடிக்கிற வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயர்ச் சீட்டை ஒட்டுவதென்று குழம்புவான். அதற்காகப் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் நின்றது, தட்டு நின்றது, வழக்கம் நிற்கவில்லை. ராசியான வழக்கத்தை மாற்றக் கம்பெனியில் யாருக்கும் தைரியம் இல்லை. ஜெசிந்தாவும் இருபது வருஷம் ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் சொன்னவள்தான். மெஷினுக்குத் தீனி போட்டவர்கள் வெட்டாத ஒரிஜினலை அப்படியே கொட்டிவிட்டார்கள். அதுவும் கற்றுக்கொண்டது: பாட்டென்றால் கடைசியில் பெயர் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

தனுஷ்கோடிக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. முதல் முதலாளி எழுதிய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. நூற்றுச்சொச்சம் வருஷமாக வக்கீல்கள் படிக்காமலே நகலெடுத்துவரும் ஷரத்து: 'முடிவில் எவர் பெயர் சொல்லப்படுகிறதோ அவர் தட்டு. பெயர் மாறிய தட்டு உடைக்கப்படும்.' எதிராளி சரக்கில் ஓட்டை தேடுகிற பழக்கத்தில், தன் சரக்கு என்பதையும் மறந்து கேட்டுவிட்டார்.

"ஏம்மா மெஹர், எல்லா வால்லயும் இதே பேருதானா?"

"யாரு சார் கேட்டாங்க? நாலாயிரத்து நூத்திப் பதினாறு பாட்டு. மெஷின் வெட்டுது, நாங்க அனுப்புறோம்."

"கடைசிப் பாட்டைப் போடு."

4,116. ஜெசிந்தாவின் குரல்தான். ஆனால் அதே நூலை வேறு தறியில் நெய்த மாதிரி ஓரத்தில் ஏதோ புதுசாக இருந்தது. பாட்டு முடிந்தது. மூச்சு எடுக்கும் சத்தம் கேட்டது.

"என் பேரு செலஸ்தீனா, தூத்துக்குடி."

மெஹர் வாலை மறுபடி போட்டாள். அதே பெயர்.

"செலஸ்தீனா யாரு?" என்றார் தனுஷ்கோடி.

"எங்க மாமி," என்றாள் ஜெசிந்தா. "எங்க வீட்டுக்காரரு அம்மா. அவுகளுக்குப் பாடவே வராது. கோயில்ல வாய மட்டும் அசைப்பாக."

மெஹர் பின்னோக்கிப் போட்டுக்கொண்டே போனாள். செலஸ்தீனா. செலஸ்தீனா. செலஸ்தீனா. 3,727 வரை அதே பெயர். 3,726-இல் ஜெசிந்தா. மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூறு பாட்டு. மெஹர் நாற்காலியில் சாய்ந்தாள். அவள் முகம் கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"சார், நாம தொண்ணூறு வருஷம் கேட்டோம். ஒப்பந்தத்துல தொண்ணூறுன்னு இருந்துச்சு, அதையே மெஷின்ல போட்டோம். பத்தொம்பதும் தொண்ணூறும் நூத்தி ஒம்பது. அந்த வயசு வரைக்கும் ஒரு தொண்டை பாடாதுன்னு அதுக்குத் தெரியும். ஆனா தொண்ணூறு வருஷம் குடுத்தே ஆகணும். அதனால..." நிறுத்தினாள். "அடுத்த தொண்டைக்குப் போயிருக்கு."

"அதுக்கு மாமி பேரு எப்படித் தெரியும்?"

"மேடம் பேட்டில எல்லாம் சொல்லியிருப்பாங்க. உங்க பக்கம் மொதப் பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரு வைப்பாங்கதானே? அது ஊகம் பண்ணியிருக்கு, சார். ஊகம்தான்."

"எனக்குப் பிள்ளையே கிடையாது," என்றாள் ஜெசிந்தா. "கல்யாணமாகி ஒம்பது வருஷம். பாக்காத டாக்டர் இல்ல." சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். கை தொண்டையிலிருந்து இறங்கி வயிற்றில் வந்து தங்கியது. "நாப்பது நாளு தள்ளிப் போயிருக்கு," என்றாள், யாரிடமும் இல்லாமல். "வீட்ல யாருக்கும் சொல்லல. டாக்டரம்மாகிட்டகூடப் போகல. மறுபடி இல்லைன்னு ஆயிருமோன்னு."

மெஹர் எழுந்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிப் போட்டாள். அணைத்தாலே போதும். ஆனாலும் பிடுங்கினாள்.

மேலே அறைக்கு வந்ததும் ஜெசிந்தா கேட்ட முதல் கேள்வி: "தொண்ணூறுன்னு யாரு போட்டது?"

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றினார். இருபது வருஷத்துக்கு முன், அவள் கையெழுத்துப் போட வந்த அன்று, மேலிடம் கேட்டது ஐம்பதுதான். எதிரே பத்தொன்பது வயதுப் பெண், கொலுசுச் சத்தம் கேட்காமல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது என்று வாயைத் திறக்கப்போனவர் தொண்ணூறு என்றார். அவள் மறுத்து எழுபதுக்கு இறங்கி அறுபதில் முடியும் என்று நினைத்தார். அவள் பேரம் பேசவில்லை. பேனா எங்கே என்று கேட்டாள். அன்று சாயங்காலம் ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். லாபத்துக்காகக்கூட இல்லை, கை அரிப்பு.

"நான்தான்," என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

"கேளு தாயி. முடிவுல யாரு பேரு வருதோ அவங்க தட்டுன்னு ஒரு பழைய ஷரத்து இருக்கு. பெயர் மாறின தட்டு இருக்குன்னு நீ கேஸ் போட்டா ஜெயிப்பே. நானே சாட்சி சொல்றேன். மொத்த வித்தும் பழுதுன்னு ஆயிரும். உன் மூவாயிரத்து எழுநூத்திச் சொச்சமும் உன்கிட்ட வந்துரும். மீன் அறுத்துக்கிட்டுப் பாடு, குளிச்சுக்கிட்டுப் பாடு, ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"மிச்சம் முன்னூத்தித் தொண்ணூறு?"

"அதுல வேற பேரு இருக்கே. உடைக்கணும்னுதான் ஷரத்து, ஆனா மேலிடம் தானா உடைக்காது. அந்தப் பேருகாரி வந்து நிக்கிற வரைக்கும் கம்பெனி கையிலதான் இருக்கும். கோர்ட்ல அந்தப் பேரு வெளிய வந்தா, யாரு இவன்னு தேடுவாங்க. தொட்டில்ல கெடக்கிறப்பவே பேப்பரோட வந்து நிப்பாங்க. தகப்பன் கையெழுத்துப் போதும். போடலைன்னாலும் என்ன? அவ வாயத் தொறந்து பாடுறது எல்லாம் ஏற்கெனவே எண் போட்டு எங்க கிடங்குல இருக்கு. உனக்கு வந்த நோட்டீஸ் அவளுக்கு அஞ்சு வயசுல வரும்."

"இன்னொரு வழி இருக்குன்னு உங்க மூஞ்சி சொல்லுது."

"இருக்கு. உடைசல்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "தட்டு வண்டியில போறப்ப உடையும்னு பாடுறவங்க பங்குல நூத்துக்குப் பத்து பிடிச்சுக்கிட்டிருந்தோம். உடையிற தட்டே இல்லாமப் போயும் அந்தப் பத்தை விடல. அதுக்குத் தோதா, வருஷம் நூத்துக்குப் பத்து வரைக்கும் உடைஞ்சுதுன்னு ஒப்பந்தப் பிரிவே எழுதலாம், மேலிடத்தைக் கேக்க வேண்டாம். நாலாயிரத்து நூத்துப் பதினாறுல பத்துப் பங்கு நானூத்திப் பதினொண்ணு. முன்னூத்தித் தொண்ணூறு அதுக்குள்ள அடங்குது. நான் அழிச்சா, அழிஞ்சதுதான். அவ பாட்டு அவளுக்கு."

"அப்படிச் செஞ்சா நான் கேஸ் போட முடியாது. அதானே?"

"கேஸ்னு பெட்டியத் தொறந்தா, பேரு மாறினதும் தெரியும், நான் அழிச்சதும் தெரியும். பெட்டி மூடியே இருக்கணும்னா, எல்லாம் சரின்னு நீ எழுதிக் குடுக்கணும். அப்புறம் உன் வாயில வர்ற எதுவும் உனக்கு இல்ல. சாகுற வரைக்கும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கிண்டி பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் உதடு லேசாகப் பிரிந்ததைத் தனுஷ்கோடி கண்டார். ஏதோ மெட்டு வந்திருக்க வேண்டும். உதடு மூடிக்கொண்டது.

"ஒரு பாட்டுக் கேட்டு வந்தேன்," என்றாள். "பேனா எங்க?"

இந்தத் தடவையும் அவள் பேரம் பேசவில்லை.

உடைக்கிற தட்டை உடைப்பவன் முழுக்க ஒருமுறை கேட்டுக் கையொப்பமிட வேண்டும். நல்ல தட்டை உடைசல் என்று எழுதி வெளியே விற்றுவிடுவார்கள் என்று பயந்து முதல் முதலாளி வைத்த விதி. தனுஷ்கோடி ஒரு வாரம் மத்தியானங்களில் கிடங்கில் உட்கார்ந்து கேட்டார். மெஹர் ஒவ்வொன்றாக அழித்தாள். சில பாட்டுகள் சுமார்தான். சில பாட்டு முடிந்ததும் மெஹர் மூக்கைச் சிந்திக்கொண்டு குளிர் என்றாள். இன்னும் பிறக்காத ஒருத்தி ஐம்பது வயதில் எதற்காகவோ அழுதுகொண்டு பாடிய பாட்டு ஒன்று இருந்தது. அதை அழித்த பிறகு அன்றைக்கு இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

உடைத்தாயிற்று. ஆனால் கேட்ட காது உடையவில்லை. 3,902-ஆம் பாட்டின் தொடக்கம் அவருடைய பல்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு எட்டு ஏறி, ஓரிடத்தில் தயங்கி, நழுவி விழுகிற மெட்டு. சவரம் செய்யும்போது வந்தது. இட்லி மெல்லும்போது வந்தது. ஒவ்வொரு போனிலும் சட்டப்படி ஒரு செவி உண்டு. பேச்சை அது சட்டை செய்யாது. மெட்டு மட்டும்தான் அதற்குக் கேட்கும். சம்பளக்காரன் வாயிலிருந்து புது மெட்டு வந்தால் அது அந்த நிமிஷமே கம்பெனியின் மெட்டு. ஒருமுறை அவர் முனகினால் போதும், உடைத்தது மறுபடி ஒட்டிக்கொள்ளும். தனுஷ்கோடி வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தார். மனைவி பல்வலியா என்றாள். ஆமாம் என்றார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஞாயிறன்று தூத்துக்குடிக்குப் போனார். பெண் குழந்தை. பத்து மாதம். பெயர் ஆக்னஸ். மாமியார் பெயரை வைக்கவில்லை என்று வீட்டில் பெரிய ரகளை நடந்து, மூத்த செலஸ்தீனா இரண்டு மாதம் மருமகள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லையாம். ஜெசிந்தா காரணம் சொல்லவில்லை. இப்போதும் அந்த அம்மாள் கூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் ஜெபமாலை கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரிமேல் ஒரு போன், சன்னலோரம் ஒன்று, தனுஷ்கோடியின் சட்டைப்பையில் ஒன்று.

"பாடுறதில்லையாமே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி? தாலாட்டுக்கும் நோட்டீஸ் வரும். பழைய பாட்டை டிவியில போட்டுத் தூங்க வைக்கேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். உப்புப் போடாத சோற்றை மெல்லுகிறவள் மாதிரி இருந்தது.

ஜெபமாலை முடிந்தது. கூடத்தில் சத்தம் அடங்கியது. மரத்தொட்டிலில் குழந்தை புரண்டு, தன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ இழுக்க ஆரம்பித்தது. இரண்டு எட்டு ஏறியது. ஓரிடத்தில் தயங்கியது.

தனுஷ்கோடியின் பல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே 3,902. பெயரை மாற்றலாம். தொண்டையை எங்கே கொண்டு போய் மாற்றுவது? போன் கேட்டால், ஜெசிந்தாவின் தொண்டை என்று அந்த நிமிஷமே கம்பெனி எண் போட்டுவிடும்.

மெட்டு நழுவி விழுவதற்குள் அவர் எழுந்து நின்று கத்தினார்: "இந்தத் தொட்டில் என்ன வெல?"

ஜெசிந்தா திடுக்கிட்டாள். "என்னது?"

"தொட்டில், தொட்டில்! என்ன வெல குடுத்தீங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வியர்த்துக் கொட்டிய அந்த முகத்திலிருந்து அலமாரிமேல் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு தொட்டிலை. குழந்தை மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது.

"பதினெட்டாயிரம்!" என்று ஜெசிந்தாவும் கத்தினாள்.

"பதினெட்டா! எவன் தலையில கட்டினான்? இது தேக்கே இல்ல! எட்டாயிரத்துக்கு மேல காலணா தர மாட்டேன்!"

"எட்டுக்குத் தொட்டில் கயிறு கூட வராது! பாத்தா தெரியல? பர்மாத் தேக்கு, அண்ணாச்சி, பர்மாத் தேக்கு!"

"பர்மாவாம்! ஒம்பது! முடியாட்டா ஆளை விடு!"

"ரெண்டு பேருக்கும் கூறு கெட்டுப் போச்சா?" என்று மூத்த செலஸ்தீனா காதைப் பொத்திக்கொண்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குழந்தை அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு சுரமும் வெளியே கேட்கவில்லை. ஜெசிந்தா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, பதினேழு என்றாள், பதினாறே முக்கால் என்றாள், அதற்குக் கீழே ஒரு பைசா குறையாது என்றாள். அந்தக் குரல் அவ்வளவு உயரம் போய்த் தனுஷ்கோடி கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.